வேகத்தை விற்ற வெதர்பி

ராய் வெதர்பி துப்பாக்கித் தொழிலுக்கு வருவதற்கு முன் காப்பீட்டு பாலிசி விற்றவர். அவருடைய ரசிகர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். 1910-ல் கான்ஸஸ் மாநிலத்தில் பிறந்து, பிழைப்புக்காகக் கலிஃபோர்னியா வந்து, ஓய்வு நேரத்தில் தோட்டாக்களைக் குடைந்து ஆராய்ந்த ஒருவர் உலகப் பெயர் வாங்கிவிட்டாரே என்று வியப்பார்கள். அவரைப் பிடிக்காதவர்களும் இதே தகவலைத்தான் சொல்வார்கள், குரல் மட்டும் வேறு. பாலிசி விற்ற வாய்க்குத் துப்பாக்கி விற்பதா கஷ்டம் என்பார்கள். இரு தரப்பும் சொல்வது சரிதான். வெதர்பி ரைஃபிளைப் பற்றி அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓயாமல் நடக்கும் வழக்கு, இந்த இரண்டு சரிகளுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குப் பெரும்பாலும் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. அமெரிக்காவில் நிலைமை வேறு. உரிமம் வாங்கி, பருவம் பார்த்து மான் அடித்து, இறைச்சியைக் குளிர்பெட்டியில் நிரப்புவது அங்கே பல ஊர்களில் சாதாரணப் பழக்கம். அந்த ஊர்களில் துப்பாக்கியின் பிராண்டைப் பற்றிய பேச்சு, நம் ஊரில் மோட்டார் சைக்கிளைப் பற்றிய பேச்சைப் போலச் சூடு பிடிக்கும்.

கதை ஒரு மானில் தொடங்குகிறது. ஒருமுறை ராய் சுட்ட மான் ஒன்று விழாமல் காயத்தோடு ஓடிப்போனது. அது அவரை உறுத்தியது. குண்டு சரியான இடத்தில் படாவிட்டாலும் விலங்கு நின்ற இடத்திலேயே விழ வேண்டும், அதற்கு என்ன வழி என்று யோசித்தார். அவர் கண்ட விடை வேகம். அந்தக் காலத்து அமெரிக்க வேட்டைக்காரர்கள் பெரிய குண்டு, கனமான குண்டு என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். ஓரளவு லேசான குண்டை மிக வேகமாக அனுப்பினால் அதன் அதிர்ச்சியே விலங்கைச் சாய்த்துவிடும் என்றார் ராய். 1945-ல் லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய சவுத் கேட் நகரில் கடை திறந்து, இந்தக் கொள்கையையும் துப்பாக்கியையும் சேர்த்தே விற்றார்.

அவர் செய்த வேலை சூட்சுமமானது. ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் என்ற பழைய பிரிட்டிஷ் நிறுவனத்தின் .300 தோட்டாவை எடுத்துக்கொண்டார். அதன் உறை நீளமாகச் சரிந்து கூம்பியிருக்கும். அந்தச் சரிவை நிமிர்த்தி உள்ளே கூடுதல் வெடிமருந்துக்கு இடம் பண்ணினார். உறையின் தோள்பகுதியைக் கூரிய கோணமாக விடாமல் இரட்டை வளைவாக உருட்டினார். இன்றும் வெதர்பி தோட்டாவைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டுவது அந்த வளைவுதான். குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகள் தொடங்குவதற்கு முன் குழலில் சற்று வெற்றிடமும் விட்டார். தொடக்க அழுத்தம் அதனால் தணியும், கூடுதல் மருந்தைக் குழல் தாங்கும்.

பலன் கண்கூடு. அமெரிக்காவின் நாட்டுத் தோட்டா என்றே சொல்லத்தக்க .30-06, 180 கிரெயின் எடையுள்ள குண்டை வினாடிக்கு ஏறத்தாழ 2,700 அடி வேகத்தில் அனுப்பும். .300 வெதர்பி மேக்னம் (கூடுதல் மருந்து ஏற்றிய தோட்டாவுக்கு மேக்னம் என்று பெயர்) அதே குண்டை 3,200 அடியையும் தாண்ட வைத்தது. ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடியது. ஆனால் அதற்குச் செலவான மருந்து ஐந்தில் இரண்டு பங்கு கூடுதல். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. வெதர்பியின் எல்லா நன்மைகளும் எல்லாத் தொல்லைகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

தொடக்கத்தில் மற்றவர்கள் செய்த இயக்கப் பகுதிகளில்தான் அவர் துப்பாக்கி கட்டினார். 1950-களின் கடைசியில் வந்த மார்க் ஃபைவ் ரைஃபிள்தான் வெதர்பியை முழுமையான துப்பாக்கி நிறுவனமாக்கியது. வழக்கமான மௌசர் வகை ரைஃபிளில், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் முன்பக்கம் இரண்டு பெரிய பூட்டுப் பற்கள் இருக்கும். மார்க் ஃபைவில் வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை, மொத்தம் ஒன்பது. அதனால் போல்ட் கைப்பிடியை 90 பாகை தூக்க வேண்டிய இடத்தில் 54 பாகை தூக்கினால் போதும். அடுத்த தோட்டா சீக்கிரம் ஏறும், மேலே பொருத்திய ஸ்கோப்பில் விரல் இடிக்காது. போல்ட்டின் தடிமனும் பற்களின் விட்டமும் ஒன்றே என்பதால் அது குழாய்க்குள் எண்ணெய் விட்டாற்போல வழுக்கிக்கொண்டு போகும். ஒருமுறை இழுத்துப் பார்த்தவர்கள் மற்ற துப்பாக்கிகளை முரடு என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஒன்பது பற்களும் ஒரே மாதிரி அழுந்திப் பிடிப்பது அபூர்வம், இரண்டே நன்றாகப் பிடித்தால் போதாதா என்று துப்பாக்கி பழுதுபார்ப்போர் முணுமுணுப்பதும் உண்டு. அந்த முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இந்த இயக்கப் பகுதி உறுதியில் குறைந்தது என்று எந்த எதிரியும் சொன்னதில்லை.

அப்புறம் அந்த அழகு. பளபளவென்று மெருகேற்றிய வால்நட் கட்டை, முன்நுனியில் கரிய ரோஸ்வுட் துண்டு, இடையே வெள்ளைக் கோடு, கன்னம் பதியும் இடத்தில் முன்னோக்கிச் சரியும் மேடு, கண்ணாடி போல நீலம் பூத்த உலோகம். ராயின் கடைக்கு ஹாலிவுட் கூப்பிடு தூரம். ஜான் வெய்ன், ராய் ராஜர்ஸ், கேரி கூப்பர் முதலியோர் அவருடைய துப்பாக்கியை வாங்கினார்கள். வாங்கியவர்களின் புகைப்படங்களை ராய் விளம்பரமாக்கினார். ஈரான் அரச குடும்பத்து இளவரசர் அப்துல் ரெசாவும் அந்த வட்டத்தில் இருந்தார். 1956-ல் ராய் உலகின் தலைசிறந்த வேட்டைக்காரருக்கென்று தன் பெயரிலேயே ஒரு விருதையும் ஏற்படுத்தினார். முதல் விருது ஹெர்ப் க்ளைன் என்ற டெக்ஸஸ் எண்ணெய்ச் செல்வந்தருக்கு. அவர் ராயின் தொழிலில் பணம் போட்டவரும்கூட. இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கிழக்கு மாநிலங்களில் எண்ணெய் தேய்த்த மங்கலான கட்டையோடு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பளபளப்பு சினிமாக்காரன் சட்டையாகத் தெரிந்தது. வெயிலில் மின்னி விலங்குக்குக் காட்டிக்கொடுக்கும் என்றும், மழையிலும் பாறையிலும் கீறல் விழும் என்றும் குறை சொன்னார்கள். காரணங்கள் உண்மைதான். ஆனால் வெறுப்பில் பாதி ரசனைச் சண்டை, இன்னும் கொஞ்சம் வர்க்கச் சண்டை. டாக்டரும் வக்கீலும் வாங்கும் துப்பாக்கி என்ற பெயர் அதற்கு எப்படியோ ஒட்டிக்கொண்டது. நல்ல பொருளை வசதிக்காரன் வாங்குகிறான் என்பதற்காகவே அதைப் பழிப்பது எந்த ஊரிலும் உள்ள வழக்கம்தானே. விலையும் கொஞ்சமில்லை. மார்க் ஃபைவ் டீலக்ஸ் வாங்கும் பணத்தில் சாதாரணத் தொழிற்சாலை ரைஃபிள் மூன்றாவது வாங்கலாம்.

இறைச்சி பற்றிய புகார் இதைவிடக் கனமானது. 1940-களில் கிடைத்த குண்டுகள் மெதுவான துப்பாக்கிகளுக்காகச் செய்தவை. வெதர்பி வேகத்தில் கிட்டத்து மான் மீது பட்டால் அவை தோலுக்கடியிலேயே சிதறிவிடும். தோள்கறி முழுவதும் ரத்தம் கட்டி வீணாகும். குண்டு உள்ளே ஆழமாகப் போகாமல் விலங்கு தப்பி ஓடுவதும் நடந்தது. ஐடஹோவின் எல்மர் கீத் போன்ற கனக்குண்டுப் பிரியர்கள் இதையே பிடித்துக்கொண்டு எழுதித் தீர்த்தார்கள். ஜான் நோஸ்லர் 1948-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த பார்ட்டிஷன் குண்டுதான் இதற்கு மருந்தானது. குண்டின் நடுவில் செம்புச் சுவர். முன்பாதி விரியும், பின்பாதி கலையாமல் ஊடுருவும். வெதர்பியும் அதைத் தன் தோட்டாக்களில் ஏற்றிக்கொண்டது. அந்தப் புகார் இன்று பெரிதும் பழங்கதை.

பழங்கதையாகாத புகார் ஒன்று உண்டு: உதைப்பு. .300 வெதர்பியின் பின்னுதைப்பு .30-06-ஐப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. .460 வெதர்பியின் கதை அதைவிட மோசம். 1953-ல் வந்த .378-ஐக் கொண்டு ராய் ஆப்பிரிக்காவில் யானை சுட்டார். ஆனால் அங்கே சில இடங்களில் யானைக்கு .40 அங்குலத்துக்குக் குறையாத குழல் வேண்டும் என்று சட்டம் இருந்ததால் .378 உறையின் வாயை அகலப்படுத்திப் பிறந்ததுதான் .460. கடையில் கிடைக்கும் வேட்டைத் தோட்டாக்களில் உலகிலேயே சக்தி மிக்கது என்ற பட்டத்தை அது நீண்ட காலம் வைத்திருந்தது. அதன் உதைப்பு .30-06-ஐப் போல நான்கைந்து மடங்கு. ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைப் பிளந்து பிறை வடிவில் விடும் தழும்புக்கு அமெரிக்க வேட்டைக்காரர்கள் ‘வெதர்பி புருவம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

தழும்பு ஆறிவிடும். மனதில் ஏறிய பயம்தான் ஆறாது. இரண்டு முறை நன்றாக உதை வாங்கியவர் மூன்றாம் முறை விசையை இழுக்கும் கணத்தில் தன்னையறியாமல் கண்ணை மூடுவார், தோளைச் சுருக்குவார். குண்டு நெஞ்சுக்குப் பதில் வயிற்றில் படும். ஆப்பிரிக்காவில் விருந்தினரை அழைத்துப்போகும் தொழில்முறை வேட்டைக்காரர்கள், பளபளக்கும் புது மேக்னத்தோடு வந்து இறங்குபவரைப் பார்த்தால் கலங்குவதும், பழைய .30-06-ஐத் தேய்ந்த கட்டையோடு கொண்டுவருபவரைப் பார்த்தால் நிம்மதி அடைவதும் இதனால்தான். குழல் முனையில், வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் மசில் பிரேக் மாட்டினால் உதைப்பு குறையும், ஆனால் பக்கத்தில் நிற்கும் வழிகாட்டியின் காது போய்விடும். காயப்பட்டு ஓடிய மானுக்காகப் பிறந்த துப்பாக்கி, பழக்கமில்லாத தோளில் ஏறினால் அதே போன்ற காயப்பட்ட மான்களை உண்டாக்குகிறது. வெதர்பி மீது சொல்லத்தக்க வலுவான குற்றச்சாட்டு இது ஒன்றுதான். இதில் துப்பாக்கியின் பிழையைவிட விளம்பரத்தின் பிழை அதிகம். வேகம் குறி தவறலை மன்னிக்கும் என்ற பேச்சை ராயே பரப்பினார். எந்த வேகமும் வயிற்றில் பட்ட குண்டை மன்னிக்காது. .270 வின்செஸ்டருக்காக வாழ்நாள் முழுக்க வாதாடிய எழுத்தாளர் ஜாக் ஓ’கானர், குறியே முதலில், வேகம் பிறகு என்ற பக்கம் நின்றவர். அந்த வாதத்தில் அவர் கையே ஓங்கியிருக்கிறது.

சரி, அந்தக் கூடுதல் வேகம் என்ன வாங்கித் தருகிறது? இரண்டு துப்பாக்கிகளையும் 200 கெஜத்தில் குறி சேர்த்துவிட்டு 300 கெஜத்தில் சுட்டால், .30-06 குண்டைவிட .300 வெதர்பி குண்டு ஏறத்தாழ மூன்று அங்குலம் குறைவாகத் தாழும். அவ்வளவுதான். மரம் அடர்ந்த காடுகளில் மான்கள் பெரும்பாலும் 150 கெஜத்துக்குள்ளேயே சுடப்படுகின்றன. அங்கே இந்த வித்தியாசத்துக்கு வேலையே இல்லை. வயோமிங்கின் புல்வெளியில் பிராங்ஹார்ன் மானையோ மலைச்சரிவில் காட்டுச் செம்மறியையோ 400 கெஜத்தில் பார்ப்பவருக்கு அது பெரிய வரம். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்ட காலத்தில், கணிப்பு 50 கெஜம் பிசகினாலும் தட்டையாகப் பாயும் குண்டு காப்பாற்றும். லேசர் தூரமானிகள் வேட்டைக்காரர்களின் சட்டைப்பைக்கு வந்தபின் அந்த வரத்தின் மதிப்பும் இறங்கிவிட்டது.

போட்டி நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. ரெமிங்டன் 1962-ல் 7 மி.மீ. மேக்னத்தையும் வின்செஸ்டர் 1963-ல் .300 மேக்னத்தையும் இறக்கின. வேகம் சற்றுக் குறைவு, விலை வெகுவாகக் குறைவு, தோட்டா எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். ராய் உருவாக்கிய மேக்னம் சந்தையில் பெரும்பங்கை அவர்கள் அள்ளிக்கொண்டார்கள். ஸ்வீடனின் நோர்மா நிறுவனத்திலிருந்து வந்த வெதர்பி தோட்டாக்கள் விலையிலும் அபூர்வத்திலும் தனி ரகமாகவே நின்றன. விமானத்தில் பெட்டி தொலைந்து தோட்டா இல்லாமல் அலாஸ்கா கிராமத்தில் நிற்பவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும்.

பெரிய தோட்டாக்களால் பெயர் பரவினாலும், ராய்க்கே மிகவும் பிடித்தது .257 வெதர்பி என்ற சிறியதுதான். நூறு கிரெயின் குண்டு வினாடிக்கு 3,500 அடிக்கு மேல் போகும், உதைப்போ .30-06 அளவைத் தாண்டாது. வெதர்பியை வெறுப்பவர்களில் பலர் இதைச் சுட்டுப் பார்த்ததில்லை. நேசிப்பவர்களில் பலர் இதை வாங்காமல் .300-ஐ வாங்கித் தோளைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

1988-ல் ராய் இறந்தார். மகன் எட், பிறகு பேரன் ஆடம் என்று நிறுவனம் குடும்பத்திலேயே இருக்கிறது. ஜெர்மனியின் சாவர், ஜப்பானின் ஹோவா என்று பட்டறைகள் மாறி, மார்க் ஃபைவ் இப்போது அமெரிக்காவிலேயே தயாராகிறது. ஜெர்மானியப் பட்டறையில் செய்தவற்றுக்குச் சேகரிப்போரிடம் இன்றும் தனி மரியாதை. கலிஃபோர்னியாவை விட்டு வயோமிங்கின் ஷெரிடன் நகருக்குக் குடிபெயர்ந்த நிறுவனம் இப்போது கார்பன் இழைக் கட்டைகளும் டைட்டானியம் உடலும் போட்டு, ஐந்து பவுண்டுக்கும் குறைந்த மலைத் துப்பாக்கிகள் செய்கிறது. பளபளப்பைத் திட்டியவர்களுக்கு இனி அந்தக் காரணம் இல்லை. எடை குறையக் குறைய உதை கூடும் என்ற தொல்லை மட்டும் அப்படியே இருக்கிறது. 2023-ல் வெளியிட்ட மாடல் 307-ல் ஒன்பது பற்களும் இல்லை, 54 பாகையும் இல்லை. ரெமிங்டன் 700 ரைஃபிளுக்கான உதிரிபாகங்கள் பலவும் பொருந்தும்படி, எல்லோரும் செய்யும் இரண்டு பல் போல்ட்டோடு வந்திருக்கிறது. பழைய ரசிகர்களுக்கு இது கசக்கலாம். ஆனால் வெதர்பி என்ற பெயருக்காக மட்டும் ஆசைப்பட்டு, அந்த வேகம் தேவைப்படாத காட்டில் வேட்டையாடும் பெரும்பாலோருக்கு, வழக்கமான தோட்டாவைப் போட்ட 307-தான் பொருத்தமான வெதர்பி.