பல்லைச் சுற்றி வரும் படக்கருவி!

கடைவாயில் ஞானப்பல் குத்துகிறது. கன்னம் வீங்கிவிட்டது. பல் டாக்டரிடம் போனால், "கோன் பீம் சி.டி. எடுத்து வாருங்கள்" என்று சீட்டு எழுதித் தருகிறார்.

பல் வலிக்குக்கூட ஸ்கேனா? பல வீடுகளில் இன்று எழும் கேள்வி இது.

நிழல் சொல்லாத சேதி

சாதாரண எக்ஸ்ரே படம் ஒரு நிழல். சுவரில் இரண்டு பேர் நிழல் விழுந்தால், முன்னால் நிற்பவர் யார், பின்னால் நிற்பவர் யார் என்று தெரியுமா? தெரியாது. பல் படமும் அப்படித்தான்.

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். சிலருக்கு ஞானப்பல்லின் வேர் அந்த நரம்பை ஒட்டியே இருக்கும். பல்லைப் பிடுங்கும்போது நரம்பு காயப்பட்டால் உதடு மரத்துப்போகும். பலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். சிலருக்கு மரத்தது மரத்ததுதான். காபி உதட்டில் வழிந்தாலும் தெரியாது!

வேர் நரம்புக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? இதைக் காட்டுவதுதான் கோன் பீம் படம்.

ஒரே சுற்று!

நோயாளி நாற்காலியில் உட்காருகிறார். எக்ஸ்ரே கதிரை வீசும் குழாய் ஒரு பக்கம். அதை வாங்கிக்கொள்ளும் பலகை எதிர்ப் பக்கம். இரண்டும் தலையைச் சுற்றி வருகின்றன. கதிர் கூம்பு போல விரிந்து பாய்கிறது. "கோன்" என்ற பெயர் அதனால் வந்தது. பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். அதற்குள் நூற்றுக்கணக்கான படங்கள்! கம்ப்யூட்டர் அவற்றை ஒன்று சேர்த்துத் தாடையின் உருவத்தைக் காட்டுகிறது. டாக்டர் அதைக் காய் நறுக்குவது போல எந்தப் பக்கமும் நறுக்கிப் பார்க்கலாம்.

தலையை அசைத்தால் போச்சு, படம் கலங்கிவிடும்.

1896-ல் ஜெர்மனியில் வால்க்கோஃப் என்ற பல் டாக்டர் தம் பல்லையே எக்ஸ்ரே படம் எடுத்தார். அதற்கு 25 நிமிடம் அசையாமல் கிடந்தாராம்! பல்லுக்கான கோன் பீம் கருவி இத்தாலியில் வெரோனா நகரில் உருவானது. அதைப் பற்றிய கட்டுரை 1998-ல் வெளிவந்தது. ஜப்பானியரும் அதே காலத்தில் ஒரு கருவி செய்தார்கள்.

எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம்.

மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் தினமும் கொஞ்சம் கதிர் நம்மேல் படுகிறது. ஒரு பல்லுக்கு எடுக்கும் சாதாரணப் படத்தில், ஏறக்குறைய ஒரு நாள் அளவுதான் கூடுதலாகப் படும். கோன் பீம் படத்தில் அது சில நாள் அளவிலிருந்து சில மாத அளவு வரை போகலாம். கருவியைப் பொறுத்தது, எவ்வளவு இடத்தைப் படம் பிடிக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. ஒரு பல்லைப் பார்க்க முழு முகத்தையும் எடுப்பது வீண்.

ஞானப்பல் விஷயத்திலேயே ஓர் ஆச்சரியம் உண்டு. நெதர்லாந்து நாட்டு டாக்டர்கள் 2015-ல் ஓர் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார்கள். கோன் பீம் எடுத்ததால் நரம்புக் காயம் குறையவில்லை என்று அதில் தெரிந்தது! ஆகவே சாதாரணப் படத்தில் வேர் நரம்போடு சிக்கலாகத் தெரிந்தால் மட்டும் இதைக் கேட்பது நியாயம். செயற்கைப் பல்லுக்குத் தாடையில் திருகு பதிக்கவும், எலும்புக்குள் புதைந்த பல்லைத் தேடவும் இது நல்ல துணை. சொத்தைப் பல்லுக்குச் சாதாரணப் படமே போதும்.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் 2024-ல் இதைத்தான் சொன்னது. கதிர் குறைந்த வேறு படத்தில் விஷயம் தெரியாதபோது மட்டுமே கோன் பீம் எடுக்க வேண்டும் என்றது. பல் படத்துக்கு ஈயக் கவசம் தேவையில்லை என்றும் அப்போதே அறிவித்தது. ஆகவே கவசம் போடவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில்தான் கண்டிப்பு வேண்டும். வளரும் உடம்பைக் கதிர் அதிகம் பாதிக்கும். பல் வரிசையைச் சீராக்கக் கம்பி கட்டப் போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தப் படம் தேவையில்லை.

"டாக்டர், இந்தப் படத்தால் சிகிச்சை மாறுமா?" என்று தாராளமாகக் கேளுங்கள். "சாதாரணப் படத்தில் தெரியாதது என்ன?" என்றும் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார்.

படம் எடுத்துவிட்டால் அதன் பிரதியைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். நாளை வேறு டாக்டரிடம் போனாலும் மறுபடி எடுக்க நேராது.