ஒடிந்த பிறகுதான் ஆக்ஸிலைப் பார்ப்பதா?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் விடிந்ததும் வேன்களும் ஷேர் ஆட்டோக்களும் கிராமம் கிராமமாகப் போய்ப் பட்டாசுத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. ஆபத்து கருதி ஆலைகள் ஊரைவிட்டுத் தள்ளித்தான் இருக்கும். அங்கே போகும் பாதை பெரும்பாலும் கரிசல் மண்ணில் போட்டது. மழையில் உப்பி, வெயிலில் வெடிக்கும் மண்; மேலே போட்ட தாரும் அதோடு சேர்ந்து அலை அலையாகிவிடுகிறது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய வண்டி அந்தப் பாதையில் போனால் அடி வாங்குவது பின்பக்க ஸ்பிரிங் பட்டையும் ஆக்ஸிலும்தான்.

லாரியில் ஆக்ஸில் ஷாஃப்ட் ஒடிந்தால் பெரும்பாலும் வண்டி நகராமல் நின்றுவிடும். பாரத்தை வெளிக்கூடு தாங்கிக்கொள்ளும். சிறிய வேன்கள் பலவற்றில் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டே எடையையும் சுமக்கிறது. அது ஒடிந்தால் சக்கரமே கழன்று ஓடலாம். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்களின் கதி என்ன?

ஒடிந்த ஷாஃப்ட் ஒன்றை ஒர்க்‌ஷாப்பில் கையில் வாங்கிப் பாருங்கள். ஒடிந்த முகத்தில் ஒரு பகுதி வழவழவென்று கறுத்துத் துருவேறியிருக்கும். மிச்சப் பகுதி உடைத்த கற்கண்டுபோல் சொரசொரப்பாகப் பளபளக்கும். பளபளப்பது கடைசி நொடியில் ஒடிந்தது. கறுத்தது, எப்போதோ விட்டு மெல்ல மெல்ல வளர்ந்த விரிசல். முன்பே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பார்க்க வேண்டிய இடம் எஃப்.சி. வாடகை வண்டிகளுக்கு 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதற்காகப் பெயின்ட் அடிக்கிறார்கள், ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். சக்கரத்தைக் கழற்றி ஷாஃப்டைப் பார்ப்பவர் யார்? சாயம் தடவித் துடைத்துப் பார்த்தாலே மயிரிழை விரிசல் கோடாகத் தெரிந்துவிடும். பெரிய செலவில்லாத சோதனை அது.

உதிரி பாகமும் ஒரு தலைவலி. ஒரிஜினலுக்குக் காத்திருந்தால் நடை போய்விடும், தவணை நிற்கும். அதனால் வண்டிக்காரர் டூப்ளிகேட் போடுகிறார், அல்லது ஒடிந்த பட்டைக்கு வெல்டிங் வைக்கிறார். பதமேற்றிய எஃகு வெல்டிங் சூட்டில் பதம் கெட்டு, பக்கத்திலேயே மறுபடி ஒடிகிறது. அவரை மட்டும் குறைசொல்ல மனம் வரவில்லை. உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்கவிடவில்லை என்று 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014-ல் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பழுதுபார்க்கும் உரிமைக்கென 2022-ல் மத்திய அரசு இணையதளமே தொடங்கியது. சாத்தூர் ஒர்க்‌ஷாப் வரை இதன் பலன் வந்து சேர வேண்டாமா?

சரக்கு வண்டியை நினைத்தால் பயம் இன்னும் கூடுகிறது. 2016 அக்டோபரில் சிவகாசியில் வண்டியில் பட்டாசுப் பெட்டிகளைக் கையாண்டபோது பற்றிய தீயின் புகை, பக்கத்து ஸ்கேன் மையத்தில் இருந்தவர்களின் உயிரைப் பறித்தது. ஆக்ஸில் கட்டாகி நடுரோட்டில் நிற்கும் பட்டாசு வண்டியிலிருந்து பெட்டிகளை மாற்றி ஏற்றுவது எவ்வளவு ஆபத்து!

மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆள் ஏற்றும் வண்டிகளுக்கு எஃப்.சி.யில் ஆக்ஸில், பட்டை சோதனையைக் கட்டாயமாக்குங்கள். டூப்ளிகேட் விற்கும் கடைகளைச் சோதியுங்கள். ஆலைப் பாதைகளைக் கரிசலுக்கேற்ற அடித்தளத்தோடு போடுங்கள். வேலை நேரத்துக்கு அரசுப் பேருந்து விடுங்கள். வண்டிக்காரர்களும் பில் கேட்டு வாங்குங்கள். போலி என்று தெரிந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லுங்கள். தீபாவளி நெருங்கினால் நடை கூடும், பாரமும் கூடும். சோதனை அதற்கு முன்பே நடக்க வேண்டும்.