விலையின் இடத்தில் எழுத்து உட்காரலாமா?

மளிகைக் கடை வைத்திருக்கும் என் மாமாவுக்குப் பைத்தான் மொழியில் ஒரு பில் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். முதல் நாளே, 250 ரூபாய் எண்ணெய் டின் இரண்டு வாங்கியவருக்கு 250250 ரூபாய் என்று பில் வந்தது! "உன் கம்ப்யூட்டருக்குக் கணக்கு வராதா மாப்ளே?" என்று கேட்டுவிட்டு, மாமா பழைய பில் புத்தகத்தை எடுத்துக் கொண்டார்.

தவறு கம்ப்யூட்டருடையது அல்ல, என்னுடையது.

ஆப்ஜெக்ட் ஓரியண்டட் முறையில் கடையின் ஒவ்வொரு சரக்கும் ஓர் ஆப்ஜெக்ட். பெயர், விலை போன்றவை அதன் அட்ரிபியூட்டுகள். அவற்றில் இருப்பது எண்ணா, எழுத்தா என்பதுதான் டைப். கீபோர்டில் நாம் 250 என்று அடித்தாலும் பைத்தான் அதை மூன்று எழுத்துகளாகத்தான் வாங்கிக் கொள்கிறது. எழுத்தை இரண்டால் பெருக்கச் சொன்னால், அதை இருமுறை எழுதிக் காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது. நானோ கடைசியில் மொத்தம் கூட்டும் இடத்தில்தான் விலையை எண்ணாக மாற்றியிருந்தேன்!

ஜாவாவில் விலை என்பது எண் என்று அறிவித்துவிட்டால், அதில் எழுத்தை வைக்க கம்பைலரே விடாது. பைத்தானிலும் 2015-ல் வெளியான 3.5 பதிப்பிலிருந்து டைப் குறிப்பு எழுதும் வசதி இருக்கிறது. நானும் எழுதியிருந்தேன். ஆனால் புரோகிராம் ஓடும்போது பைத்தான் அந்தக் குறிப்பைச் சரிபார்ப்பதில்லை. மைபை போன்ற தனிக் கருவி மூலம் முன்கூட்டியே சோதித்தால்தான் தவறு தெரியும்.

"எல்லாவற்றையும் சோதித்துக் கொண்டிருந்தால் பைத்தானின் சுதந்திரம் என்னாவது?" என்கிறார்கள் சில நண்பர்கள். எல்லா இடத்திலும் சோதிக்க வேண்டாம். வாசலில் சோதித்தால் போதும் என்பது என் கருத்து. ஆப்ஜெக்ட் உருவாகும்போதும், பிறகு விலையை மாற்றும்போதும், வருவது எண்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே பிழைச் செய்தி காட்டி நிறுத்துங்கள். இதற்கு இரண்டு வரி போதும்.

250250 என்ற தொகை எல்லோர் கண்ணிலும் படும். 5 ரூபாய் பிஸ்கட் இரண்டுக்கு 55 என்று வந்தால்? நீளமான பில்லில் யார் கவனிப்பார்கள்? பாதியில் நிற்கும் புரோகிராமைச் சரி செய்துவிடலாம். தவறான கணக்கைச் சத்தமில்லாமல் போடும் புரோகிராம்தான் ஆபத்து.

புதிதாகப் புரோகிராம் கற்கும் வாசகர்கள் இந்தப் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள். மாமா மறுபடி அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் வர நான்கு மாதம் ஆனது!