பிங்க் ஃப்ளாய்ட் ஆல்பங்களில் முதலிடம் எதற்கு?

ராக் இசை ரசிகர்கள் நான்கு பேர் கூடினால், பிங்க் ஃப்ளாய்டின் சிறந்த ஆல்பம் எது என்ற சண்டை வந்தே தீரும். லண்டனில் உருவான இந்த இசைக்குழு 1967 முதல் 2014 வரை 15 ஸ்டூடியோ ஆல்பங்களை வெளியிட்டது. அத்தனையையும் வரிசைப்படுத்த வேண்டியதில்லை. நிஜமான போட்டி ஐந்தாறு ஆல்பங்களுக்குள்தான்.

பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் சொல்லும் பெயர், 1973-ல் வந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’. முப்பட்டைக் கண்ணாடியில் ஒளி நுழைந்து வானவில்லாக வெளிவரும் அந்த அட்டைப்படம், பாட்டைக் கேட்காதவர்களின் டி-ஷர்ட்டில்கூட இருக்கும். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 1988 வரை மொத்தம் 741 வாரங்கள் இருந்த ஆல்பம் இது. வெளியானபோது பிறந்த குழந்தை பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் பட்டியலைவிட்டு இறங்கியது!

இதில் ஒரு பாடலுக்கு வரிகளே கிடையாது. கிளேர் டோரி என்ற பாடகி வெறும் குரலாலேயே அழுது, கத்தி, அடங்கிப் போவார். அன்று அவருக்குக் கிடைத்த சம்பளம் 30 பவுண்டு. 2004-ல் அவர் வழக்குப் போட்டு, மறு வருடம் சமரசம் ஆன பிறகுதான், பாடலை உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர்ந்தது.

இளைஞர்களைக் கேட்டால் ‘தி வால்’ (1979) என்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் கோரஸாகப் பாடும் பாட்டு உலகம் முழுக்கப் பிரபலம். ஆனால், அதற்குள் இசைக்குழு உடைந்துகொண்டிருந்தது. பெரும்பாலான பாடல்களை எழுதிய ரோஜர் வாட்டர்ஸின் பிடிவாதத்தால் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் வெளியேற்றப்பட்டார். பிறகு மேடைக் கச்சேரிகளுக்கு மட்டும் சம்பளத்துக்கு வந்து வாசித்தார். கச்சேரிகள் நஷ்டத்தில் முடிய, மற்ற மூவரும் கைக்காசு போட, லாபம் பார்த்த ஒரே ஆள் ரைட்தான். கதை சுவாரஸ்யமானது. ஆல்பமோ ஒரே மனிதர் இரண்டு இசைத்தட்டுகளுக்குப் பேசிக்கொண்டே இருப்பதுபோல. ஐந்தாம் இடம் போதும்.

‘அனிமல்ஸ்’ (1977) நான்காவது. அட்டைப்படத்துக்காக லண்டன் பேட்டர்சீ மின்நிலையத்தின் மேலே கட்டிய ராட்சத பன்றி பலூன் அறுத்துக்கொண்டு விமானப் பாதையில் பறந்ததைத்தான் எல்லோரும் பேசுவார்கள். கேட்க வேண்டியது டேவிட் கில்மரின் கிட்டாரை. மூன்றாம் இடம் ‘மெடில்’ (1971) ஆல்பத்துக்கு. அதன் ஒரு பக்கம் முழுக்க, 23 நிமிடங்களுக்கு மேல், ஒரே பாட்டு. நால்வரும் சேர்ந்து உருவாக்கியது. ஒருவரை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டபடி வாசிப்பது நமக்கே தெரியும்.

அப்படியானால் ‘டார்க் சைட்’டுக்கு முதலிடமா? இல்லை, இரண்டாமிடம். குறை சொல்ல அதில் எதுவும் இல்லைதான். ஆனால், 1975-ல் வந்த ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தில் இருக்கும் வலி அதில் இல்லை.

இசைக்குழுவின் முதல் தலைவர் சிட் பாரெட். முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்கள் அவருடையவை. போதைப் பழக்கமும் மனநலப் பாதிப்பும் சேர்ந்து, மேடையில் வாசிக்க முடியாத நிலைக்குப் போனார். 1968 ஜனவரியில் ஒரு கச்சேரிக்குக் கிளம்பிய நண்பர்கள், வழியில் அவரை வண்டியில் ஏற்றிக்கொள்ளாமலேயே போய்விட்டார்கள். பிரிவு இப்படித்தான் நடந்தது, ஒரு வார்த்தை சொல்லாமல்.

ஏழு வருடங்கள் கழித்து, பெரும் வெற்றிக்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் சோர்ந்திருந்த நால்வருக்கும் பாட ஒரு காரணம் கொடுத்தது அந்த நண்பரின் இல்லாமைதான். 1975 ஜூனில் அபே ரோடு ஸ்டூடியோவில் இந்த ஆல்பத்தின் வேலை நடந்தபோது, பருத்த உடலும் மழித்த தலையும் புருவங்களுமாக ஒருவர் வந்து நின்றார். வெகுநேரம் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. வந்தவர் பாரெட். தெரிந்ததும் கண்கலங்கிப் போனார்கள்.

முதன்முறை கேட்பவர்கள் போனில் ‘ஷஃபிள்’ பட்டனை அணைத்துவிடுங்கள். பாரெட்டுக்கான ஒன்பது பகுதிப் பாடலைப் பாதியாக வெட்டி, ஆல்பத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்திருக்கிறார்கள். நடுவில் மூன்றே பாடல்கள். மொத்தம் முக்கால் மணி நேரம்தான். கில்மரின் கிட்டாரில் அந்த நான்கு சுரங்கள் வரும்வரை பொறுமையாகக் காத்திருங்கள்.