ப்ளம்ஸ் ஏன் பூக்கவில்லை?

சேலையூர் சகோதரி ஒருவர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கொடைக்கானல் போனபோது ஆசையாய் வாங்கி வந்த ப்ளம்ஸ் கன்று, மூன்று வருஷமாகியும் ஒரு பூ விடவில்லை. "உன் கைராசி அப்படி" என்று மாமியார் சொல்லிவிட்டாராம். வேரடியில் ஃப்ரிட்ஜ் ஐஸ்கட்டிகூடப் போட்டுப் பார்த்தாராம், பாவம்!

கைராசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, சகோதரி. ப்ளம்ஸ், பேரி, பீச், ஆப்பிள் எல்லாம் குளிர்நாட்டுப் பிறவிகள். பனிக்காலத்தின் நடுவே இரண்டு நாள் வெயில் அடித்ததென்று மொட்டு அவிழ்ந்தால், அடுத்த உறைபனியில் கருகிப் போகுமே! அதனால் மொட்டுகள் உறங்கிக்கொண்டே குளிரைக் கணக்குப் பார்க்கின்றன. ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே எத்தனை மணி நேரம் போயிற்று என்பதுதான் அந்தக் கணக்கு. பல ஆப்பிள் ரகங்களுக்கு 1,000 மணி நேரம் வேண்டும். கொஞ்சம் குளிர் போதும் என்கிற ரகங்களுக்கே 200, 300 ஆகிறது. தாம்பரத்தில் மார்கழி விடியலில் கோலம் போட ஸ்வெட்டர் தேடுகிறோமே, அப்போதும் 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். 7 டிகிரி என்பது ஒரு மணி நேரம்கூட இங்கே கிடையாது. ஐஸ்கட்டியும் வீண். குளிர வேண்டியது கிளையிலுள்ள மொட்டு, வேர் அல்ல.

கிழக்கு ஜாவா மலைப் பகுதியில் ஆப்பிள் இலைகளைக் கையாலேயே உருவிவிட்டு, மொட்டு உறங்கப் போகுமுன்பே பூக்க வைக்கிறார்கள். ஹிமாசலப் பிரதேச விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கிய ஹெச்.ஆர்.எம்.என்.-99 ஆப்பிள் சமவெளியிலும் காய்க்கிறது. ஆசையிருந்தால் அதை வாங்குங்கள், ஒட்டுக்கன்றுதானா என்று கேட்டு! என்னைக் கேட்டால், ப்ளம்ஸ் நிழலுக்கு இருக்கட்டும். பக்கத்தில் ஒரு மல்பெரி வையுங்கள். கவாத்து செய்து விட்டால் புதுத் தளிரோடு பழமும் சேர்ந்தே வரும்.

பெருங்களத்தூர் வாசகியின் டிராகன் பழக் கொடி கதை வேறு. கார்த்திகையோடு பூப்பது நின்றுவிட்டதாம். அது பகல் நீளம் பார்த்துப் பூக்கிற ஜாதி. நமக்கு ஆனியில் பகல் 13 மணிக்குச் சற்றுக் குறைவு. மார்கழியில் சுமார் 11 மணி 20 நிமிஷம்தான். இந்த ஒன்றரை மணி வித்தியாசமே அதற்குப் போதும். வியட்நாமில் தோட்டம் முழுக்க ராத்திரியில் பல்பு எரித்து, பருவம் தப்பியும் காய்க்க வைக்கிறார்கள். மொட்டை மாடியிலுள்ள இரண்டு கொடிக்காக நாம் கரண்ட் பில் கட்டுவானேன்? தொட்டியில் தொழு உரம் போட்டு, தண்ணீரை அளவாக விட்டு, சித்திரை, வைகாசி வரை பொறுத்திருங்கள்.