கொத்தணி என்றால் பாடசாலைக் கொத்தணி மட்டும்தானா?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

கொத்தணி என்றவுடன் ஆசிரியர்களான எங்களுக்கு ஞாபகம் வருவது பாடசாலைக் கொத்தணியும் அதற்கான கூட்டங்களும்தான். கணினியிலும் ஒரு கொத்தணி இருக்கிறது. பல கணினிகளைச் சேர்த்து ஒரே கணினி மாதிரி வேலை வாங்குவதற்குத்தான் அந்தப் பெயர். அதை மேலாண்மை செய்யும் மென்பொருள் இன்று திறந்த மூலமாக, சும்மாவே கிடைக்கிறது. அதை நிறுவிப் பராமரிக்க எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வேண்டும் என்று கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துத் தகவல் தொழினுட்ப ஆசிரியர்கள் சிலர் கொஞ்ச நாளாகச் சொல்லி வருகிறோம். சொன்ன இடமெல்லாம் சிரிப்புத்தான். "டொய்லட்டுக்குத் தண்ணி இல்ல, இவங்களுக்கு சர்வர் கேக்குது" என்றார் ஒருவர். தண்ணீருக்கும் நாங்கள்தான் கடிதம் எழுதுகிறோம். ஒன்று கிடைக்கும்வரை மற்றதைக் கேட்கக் கூடாது என்றால் தோட்டப் பாடசாலைக்கு ஒன்றுமே வராது.

விஷயத்தைத் தோட்டத்துப் பாஷையிலேயே சொல்லலாம். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுத்து, இன்ன மலைக்கு இத்தனை பேர், ஆளுக்கு இன்ன நிரை என்று பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவர் வராவிட்டால் அவருடைய நிரை சும்மா கிடக்காது, பக்கத்தில் நிற்பவர்கள் தலையில் விழும். சர்வர் கொத்தணியும் இப்படித்தான். எந்தக் கணினி உயிரோடு இருக்கிறது, எதில் எவ்வளவு இடம் மிச்சம் என்று ஓயாமல் பெரட்டு எடுப்பது அந்த மேலாண்மை மென்பொருள். "இந்தத் தளத்தின் இரண்டு பிரதி எப்போதும் ஓட வேண்டும்" என்று ஒரு கோப்பில் எழுதி வைத்தால், ஒரு கணினி செத்தாலும் அதன் வேலையை இன்னொன்றில் தானாகவே தொடங்கிவிடும். கூகுள் 2014இல் திறந்த மூலமாக வெளியிட்ட குபெர்னெட்டீஸ்தான் இன்று இதில் பெரிய பெயர். கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்று அர்த்தம். எங்கள் பிள்ளைகளுக்குக் கங்காணி என்று சொன்னால் உடனே புரியும். (சம்பளத்தில் கை வைத்த பழைய துண்டுக் கங்காணி அல்ல!)

இது ஏன் முக்கியம்? 2023 ஓகஸ்ட் கடைசியில் இலங்கை அரச முகிலில் நடந்ததை ஞாபகப்படுத்திப் பாருங்கள். ரான்சம்வெயார் தாக்குதலில் ஜிஓவி டொட் எல்கே முகவரிகளின் மின்னஞ்சல்கள் போயின. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு அழிந்தது. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ் 2013. அந்தப் பதிப்புக்கான ஆதரவை அதே வருடம் ஏப்ரலிலேயே நிறுவனம் நிறுத்திவிட்டது. புதியதுக்கு மாறும் வேலை நிதி இல்லாமல் தள்ளிப்போனது என்று அப்போது விளக்கம் சொன்னார்கள்.

உரிமத்துக்குக் காசு இல்லை என்பது நியாயமான காரணமாகத் தெரியலாம். உரிமக் காசே கேட்காத மென்பொருள் பக்கத்திலேயே இருக்கும்போது அது எப்படி நியாயம்? ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திறந்த மூலம் என்று எழுதி ஒட்டிவிட்டால் பாதுகாப்பு வந்துவிடாது. புதுப்பிக்க ஆள் இல்லாவிட்டால் லினக்ஸும் பழசாகித்தான் போகும். கொத்தணி வேறு, காப்புப் பிரதி வேறு. மூன்று கணினியில் ஒரே தரவு இருந்தால், ஒன்றில் அழிப்பது மூன்றிலும் அழியும். 2023இலும் இணைப்பில் இருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே மாட்டியது. அந்த மூன்று மாதத்துக்குக் கழற்றித் தனியாக வைத்த பிரதி இல்லை. பிரச்சினை எப்போதும் ஆளில்தான் வந்து நிற்கிறது. பராமரிக்கத் தெரிந்த ஆள், நேரத்துக்குப் பார்க்கிற ஆள். அந்த ஆள் ஏன் எட்டியாந்தோட்டையிலிருந்தோ இறக்குவானையிலிருந்தோ வரக்கூடாது?

இந்த நாட்டால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு கொழும்பில் தன்னார்வலர்கள் எழுதிய சஹானா என்ற திறந்த மூல அனர்த்த முகாமைத்துவ மென்பொருள், அடுத்த வருடமே பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2010இல் ஹெயிட்டிக்கும் உதவியது.

கேரளத்தைப் பாருங்கள். பாடசாலைகளுக்கான கைட் நிறுவனம் 2019இல் 2 இலட்சத்துக்கும் அதிகமான கணினிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தைப் போட்டது. உரிமக் கட்டணத்தில் மிச்சம் 3000 கோடி இந்திய ரூபாய் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் தமிழில் படிக்கும் பிள்ளைகளும் அந்த மாநிலத்துப் பிள்ளைகள்தானே. நம் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? கொழுந்து ஒன்றுதான்.

எங்கள் ஆய்வுகூடங்களின் நிலைமை உங்களுக்குத் தெரியும். பொலித்தீன் மூடிய கணினிகள், வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பில் மட்டும் எண்ணப்படும் கணினிகள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் புதிய விண்டோஸைத் தாங்காது. 1994இல் நாசாவின் கொடார்ட் நிலையத்தில் தோமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரணக் கணினிகளை இணைத்துத்தான் முதல் பியோவுல்ஃப் கொத்தணியைக் கட்டினார்கள். அது 486 சிப் காலம். எங்கள் பழசு அதைவிடப் பல மடங்கு வேகம்.

குபெர்னெட்டீஸின் சின்ன வடிவம் கே3எஸ் 2019இல் வந்தது. நிறுவும் கோப்பு 100 எம்பிக்கும் குறைவு. கட்டுப்படுத்தும் கணினிக்கு 2 ஜிபி ரேம், வேலை மட்டும் செய்யும் கணினிக்கு 512 எம்பி போதும். டவுனில் ஒரு தடவை இறக்கி பென் டிரைவில் கொண்டுவந்தால் இணையம் இல்லாமலே நிறுவலாம். கட்டுப்பாட்டுக்கு இரண்டு கணினி வைத்துப் பிரயோசனமில்லை, மூன்று வேண்டும். ஒன்று போனாலும் மிச்சம் இரண்டும் பெரும்பான்மை. சித்திரை மாதத்திலும் ஐப்பசியிலும் எங்கள் பக்கத்து இடி மின்னல் எத்தனை பவர் சப்ளையைச் சாப்பிடுகிறது என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாக விளங்கும். அதன் மேல் கிவிக்ஸ் போட்டு முழுத் தமிழ் விக்கிப்பீடியாவையும், மூடில் போட்டுப் பழைய வினாத்தாள்களையும் வைத்தால், டேட்டா காசு இல்லாத பிள்ளையும் ஆய்வுகூடத்தில் வாசிக்கலாம்.

"பரீட்சைக்கு வராததை ஏன் படிப்பிக்கிறீர்கள்?" என்ற கேள்வியும் வரும். உயர்தரத் தகவல் தொழினுட்பத்தில் வலையமைப்பும் இயங்குதளமும் இருக்கிறது. மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக ஒரு கணினியின் வயரைப் பிடுங்கிவிட்டு, வேலை அடுத்த கணினிக்குப் போவதைப் பிள்ளை கண்ணால் பார்க்கட்டுமே. சாதாரண தரம் முடித்ததும் கொழும்புக் கடைகளுக்குப் போகும் பிள்ளைகளை வருடா வருடம் வழியனுப்புகிறவர்கள் நாங்கள். எல்லாரும் பொறியியலாளராவார்கள் என்று சொல்லவில்லை. பத்தில் ஒரு பிள்ளைக்கு இதில் பிடிப்பு வந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய விஷயம்.

மாகாணத்திடம் நாங்கள் கேட்பது புதிய கட்டடம் இல்லை. கழிக்க வேண்டிய கணினிகளைப் பிரித்துச் சேர்க்க எழுத்தில் ஓர் அனுமதி, ஆசிரியர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி. பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்துக்குக் கணினிப் பீடம் இருக்கிறது, பலாங்கொடையிலிருந்து பஸ்ஸில் போகலாம்.

கொழும்பில் மென்பொருள் கம்பனிகளில் வேலை செய்யும் பழைய மாணவர்களே, பெரும்பாலும் உங்களுக்காகத்தான் இதை எழுதினோம். மூன்று கணினியும் ஒரு சுவிட்சும் கேபிளும் எங்களிடம் தயார். கூட இருந்து ஒரு தடவை காட்டித்தர ஆள்தான் இல்லை. எந்தச் சனிக்கிழமை வரலாம் என்று இன்பொக்ஸில் போடுங்கள். மத்தியானச் சாப்பாடு எங்கள் பொறுப்பு, இன்ஷா அல்லாஹ்.