படி இறங்கிய பிறகு

அலிபிரியிலிருந்து திருமலைக்குப் போகும் நடைபாதையில் ஏறத்தாழ 3,550 படிகள். மூச்சு வாங்கும், முழங்கால் வலிக்கும். ஆனால் வழி தவறிவிடுமோ என்ற பயம் மட்டும் யாருக்கும் கிடையாது. ஏறுகிறவர்களில் கணிசமானவர்கள் இளைஞர்கள். தேர்வுக்கு முன்னால் ஒரு வேண்டுதல், முடிவு வந்த பிறகு ஒரு வேண்டுதல். கீழே இறங்கி, மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு பஸ் நிலையத்தில் நிற்கும்போதுதான் பழைய கேள்வி திரும்பி வருகிறது: அடுத்து என்ன செய்வது?

வேலை கிடைக்காதவர்களை மட்டும் வாட்டும் கேள்வி அல்ல இது. இன்ஜினீயரிங் படித்துவிட்டு அரசுத் தேர்வுக்குத் தயார் செய்பவர், வங்கியில் உட்கார்ந்துகொண்டு வாத்தியார் வேலையை நினைத்து ஏங்குபவர், பத்து வருடம் ஒரே நாற்காலியில் இருந்துவிட்டு 'இதற்காகவா படித்தோம்' என்று யோசிப்பவர் எல்லோருக்கும் இது பொது. திருப்பதியில் படிப்புக்குப் பஞ்சமில்லை. 1954ல் வந்தது ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம். 2015ல் ஐ.ஐ.டி.யும் அறிவியல் ஆய்வுக் கல்விக் கழகமும் வந்தன. எதைப் படிப்பது, படித்ததை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று சொல்லத்தான் ஆள் குறைவு.

இந்த விஷயத்தில் இதே ஊரில் பள்ளிக்கூடம் போன ஒரு பையனின் கதை யோசிக்க வைக்கிறது. திருத்தணியில் பிறந்த அவன், 1896ல் எட்டு வயதில் திருப்பதியில் இருந்த லுத்தரன் மிஷன் பள்ளியில் சேர்ந்தான். அன்று இரண்டு ஊர்களுமே வட ஆற்காடு மாவட்டம். 1911ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்த திருத்தணி, 1960ல் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. பையனின் தகப்பனார் வருவாய்த் துறையில் சிறிய உத்தியோகஸ்தர். வீட்டில் பண வசதி குறைவு. உதவித்தொகைகளை நம்பியே படிப்பு நடந்தது. வேலூரில் ஊரிஸ் கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி.

பி.ஏ.வுக்கு எந்தப் பாடத்தை எடுப்பது? அதே கல்லூரியில் படித்து முடித்திருந்த உறவுக்காரர் ஒருவர் தன்னுடைய பழைய பாடப் புத்தகங்களைக் கொடுத்தார். அவை தத்துவப் புத்தகங்கள். புத்தகம் வாங்கும் செலவு மிச்சம். பாடம் முடிவாகிவிட்டது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தத்துவத்துக்கு வந்த வழி இவ்வளவுதான். அந்த உறவுக்காரர் கணிதம் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதைக் கேட்டதும் 'எல்லாம் தலையெழுத்து' என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் கதை புத்தகத்தோடு முடியவில்லை. கிறிஸ்தவக் கல்லூரியில் ஏ.ஜி. ஹாக் போன்ற தேர்ந்த ஆசிரியர்கள் இருந்தார்கள். உலகம் மாயை என்று பேசும் வேதாந்தத்தில் அறத்துக்கு இடம் ஏது என்று மிஷனரிகள் கேட்டுவந்த காலம் அது. இந்து வீட்டுப் பிள்ளையான மாணவருக்கு அது உறைத்தது. அவர்கள் சொல்வது சரிதானா என்று தானே தேடிப் பார்க்க ஆரம்பித்தார். வேதாந்தத்தின் அறநெறி பற்றி எம்.ஏ.வுக்காக அவர் எழுதிய ஆய்வுரை 1908ல் அச்சில் வந்தபோது அவருக்கு வயது இருபது. 1909ல் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவ ஆசிரியர் வேலை கிடைத்தது. மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்போர்டு, 1962ல் குடியரசுத் தலைவர் பதவி என்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பிற்பகுதி.

பாடத்தைக் கொடுத்தது தற்செயல். அதைத் தன்னுடையதாக ஆக்கியது, பதில் தேடாமல் இருக்க முடியாத ஒரு கேள்வி. நம்மில் பலர் 'எனக்குப் பிடித்த துறை எது' என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்துக் களைத்துப்போகிறோம். பிடிப்பு பல நேரம் இறங்கிய பிறகுதான் வருகிறது.

சித்தூரின் கதை வேறு மாதிரி. 1904ல் குண்டூர் மாவட்டம் ரேபல்லியில் பிறந்த நாகையா, திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் உதவித்தொகையில் படித்தவர். படிப்பு முடிந்ததும் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. பிறகு 'ஆந்திர பத்திரிகா'வில் பத்திரிகையாளர். 1930ல் உப்புச் சத்தியாகிரகம். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு, ஓர் இடத்தில் நிலைக்காத பிள்ளை.

சித்தூரில் அப்போது ராம விலாச சபா என்ற நாடகக் குழு இருந்தது. அதில் நாகையா நடித்தார், பாடினார். பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிய காலம். 'சாரங்கதரா' நாடகத்தில் அவர் ஏற்ற சித்ராங்கி வேஷம் ஊரை மயக்கியது. பெயருக்கு முன்னால் 'சித்தூர்' ஒட்டிக்கொண்டது அப்போதுதான். பிறந்த ஊர் தராத முகவரியை, நடித்த ஊர் தந்தது.

சினிமாவுக்கு வந்தது 1938ல், 'கிருஹலட்சுமி' படத்தில். வயது முப்பத்து நான்கு. இன்றைக்கு அந்த வயதில் ஒருவர் துறை மாறுகிறேன் என்றால் வீட்டில் என்ன பேச்சு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1941ல் தமிழில் 'அசோக் குமார்', 1945ல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'மீரா', 1946ல் தானே இயக்கி நடித்த 'தியாகய்யா' என்று வரிசையாக வந்தன. சிவாஜியின் 'பாவமன்னிப்பு' பார்த்தவர்கள், அவரை வளர்த்த முஸ்லிம் பெரியவராக வந்த நாகையாவை மறந்திருக்க மாட்டார்கள். 1965ல் பத்மஸ்ரீ.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. தனக்கு எது வரும் என்று நாகையா தனியே உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை; எதிரே உட்கார்ந்திருந்த கூட்டம் கண்டுபிடித்துச் சொன்னது. நமக்கு எது இயல்பாக வருகிறது என்பது பல சமயம் நம்மைவிட மற்றவர்களுக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. ஆனால் அவர்கள் பார்க்கும்படியாக நாம் எதையாவது செய்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சரியான துறை கிடைத்தால் வாழ்க்கை சுகமாகிவிடும் என்பதற்கு நாகையா சாட்சி அல்ல. கையில் வந்ததை வாரிக் கொடுத்தவர் என்று பெயர் வாங்கியவர், சொந்தமாக எடுத்து 1964ல் வெளியிட்ட 'ராமதாசு' படத்தில் பணத்தை இழந்தார். 1973ல் காலமானபோது கையில் பெரிதாக எதுவும் இல்லை. திசை கிடைப்பது ஒன்று, வரவு செலவு வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் சண்டை.

மேல்நாட்டில் இதையெல்லாம் ஒரு சாஸ்திரமாகவே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908ல் இளைஞர்களுக்கென்று தொழில் ஆலோசனை நிலையம் ஆரம்பித்தவர் ஃப்ராங்க் பார்சன்ஸ். உன்னை அறிந்துகொள், தொழில்களை அறிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவருடைய சூத்திரம். அவரே இன்ஜினீயரிங் படித்து, வக்கீலாகி, ஆசிரியராகி, அதன் பிறகு அங்கே வந்து சேர்ந்தவர் என்பது வேறு விஷயம். தொண்ணூறு வருடம் கழித்து, 1999ல், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் க்ரம்போல்ட்ஸும் இரண்டு சகாக்களும் வேறு விதமாகச் சொன்னார்கள். தொழில் வாழ்க்கையில் தற்செயல்களைத் தவிர்க்க முடியாது. ஆகவே அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளப் பழக வேண்டும். அதற்கு அவர்கள் சொன்ன குணங்கள் ஐந்து: அறியும் ஆவல், விடாமுயற்சி, வளைந்துகொடுத்தல், நம்பிக்கை, துணிச்சல். திருத்தணிக்காரரும் சித்தூர்க்காரரும் இந்த ஐந்தையும் யாரும் எழுதி வைக்காத காலத்திலேயே கைக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் ஐந்து குணங்கள் இருந்தால் போதுமா? இரண்டு கதைகளிலும் வரும் ஒரு சொல்லைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள்: உதவித்தொகை. அது இல்லாவிட்டால் ஒருவர் வேலூரைத் தாண்டியிருக்க மாட்டார், மற்றவர் குமாஸ்தா நாற்காலி வரைகூட வந்திருக்க மாட்டார். கல்விக் கடன் தலைமேல் இருக்க, தங்கை கல்யாணம் காத்திருக்க, 'உன் மனம் எங்கே போகிறதோ அங்கே போ' என்று ஒருவரிடம் சொல்வது சுலபம். கேட்கிறவருக்கு அது எரிச்சலைத்தான் தரும். குழப்பத்துக்குப் பாதிக் காரணம் மனம் என்றால், மீதிக் காரணம் பணம். ஆகவே முதல் வேலை, கையில் இருக்கும் சம்பளத்தை விட்டுவிடாமல் இருப்பது.

இரண்டாவது, செலவில்லாத ஒரு சோதனை. துறை மாற நினைப்பவர், அந்தத் துறையில் இருக்கும் ஒருவருடன் ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்க்கலாம். எதைப் படிப்பது என்று தெரியாத மாணவர், சீனியர் ஒருவரின் புத்தகத்தை இரவல் வாங்கி ஒரு மாதம் படித்துப் பார்க்கலாம். மூடி வைத்த பிறகும் அதிலுள்ள ஏதாவது ஒரு கேள்வி கூடவே வருகிறதா என்று கவனித்தால் போதும். வரவில்லை என்றால் நஷ்டம் ஒரு மாதம்தான். மூன்றாவது, கெடு. அரசுத் தேர்வோ, சொந்தத் தொழிலோ, இத்தனை முறை அல்லது இத்தனை வருடம் என்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது. அப்படிச் செய்தால் தோல்வியும் ஒரு தேதியோடு முடிந்துவிடும்.

ராம விலாச சபா போன்ற குழுக்கள் இன்று எல்லா ஊரிலும் இல்லை. ஆனால் டியூஷன் கேட்டு வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், கணக்கு எழுத ஆள் தேடும் கடைக்காரர், ரிப்பேருக்குக் காத்திருக்கும் மோட்டார் எல்லா ஊரிலும் உண்டு. அடுத்த தேர்வு அறிவிப்பு வரும்வரை மாலை நேரங்கள் எப்படியும் காலியாகத்தான் இருக்கின்றன.